பட்டினி வரிசை

அறுபத்து நான்கு புட்டிகள் முடிந்துவிட்டன. மிச்சம் முப்பத்திரண்டு. அந்த முப்பத்திரண்டிலும் இருப்பது எதுவும் சேர்க்காத வெறும் மண் என்பதால், மலையேறி இறங்குகிறவளுக்குக் கடைசிச் சரிவில் இருப்பதுபோல வாசுகிக்கு அந்த வெள்ளிக்கிழமை கால் லேசாக இருந்தது.

சுங்கை பட்டாணியில் ஒரு தோட்டக் கம்பெனியின் மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். மண்ணை உலர்த்துவது, அரைப்பது, சலிப்பது, அளப்பது, இதுதான் வேலை. இந்தப் புட்டிகள் மட்டும் கம்பெனி வேலையில் சேராதவை. மேனேஜரிடம் கேட்டு, மதிய உணவு நேரத்தில் ஒரு மணி நேரம் மெஷினைப் பயன்படுத்த அனுமதி வாங்கியிருந்தாள். புட்டிகள் குணாளனுடையவை. குணாளன் அவள் புருஷன். போன வருடம் மார்ச்சில், ஒரு சனிக்கிழமைக் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்து போய்விட்டான். வயது நாற்பத்தாறு.

அதே கம்பெனியில்தான் அவனும் மண் அதிகாரியாக இருந்தான். அவன் அவளுக்கு முதன்முதலில் கொடுத்த பொருளே ஒரு பை மண்தான். "அவசரமில்ல, மெதுவா பாருங்க" என்று கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து முடிந்ததா என்றான். அதற்கு மறுநாளும் வந்தான். நான்காவது நாள் அவள், "முடிவு நேத்தே வந்துடுச்சு, சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றாள். பிறகு அது கல்யாணத்தில்தான் முடிந்தது.

எட்டு வருடமாக அவன் வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் படித்தான். கோலக்கெட்டில் என்ற ஊருக்குப் பக்கத்தில், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டு வரிசை இளமரங்களைத் தேர்ந்தெடுத்தான். நான்கு வரிசைக்கு மக்கிய உரம். நான்கு வரிசைக்கு மரக்கரித் தூள். மீதி நான்குக்கு ஒன்றுமே கிடையாது. கரி மண்ணில் எத்தனை வருடம் தங்கும், தங்கி அந்த மண்ணைத் தேற்றுமா என்பது அவன் கேள்வி. ஒன்றும் போடாத நான்கு வரிசை இல்லாவிட்டால் மற்ற எட்டுக்கும் அர்த்தமில்லை. எதைவிடத் தேறியது என்று கேட்டால் காட்ட ஒரு மண் வேண்டுமே! அந்த நான்கையும் தோட்டத்துச் சனங்கள் 'பட்டினி வரிசை' என்பார்கள். குணாளனும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் சொல்லுவான்.

வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில், வரிசைக்கு ஒரு புட்டி மண். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, கடைசியில் ஒரே கையால் ஒரே மெஷினில் பார்க்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். கடைசிப் புட்டிகள் வந்து சேர்ந்தன. பார்க்க அவன்தான் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் கடைசி அத்தியாயம் தவிர எல்லாம் எழுதி முடிந்திருந்தது. அதை முடித்துக் கொடுத்தால், இறந்தவர் பெயரிலேயே பட்டம் தரப் பினாங்கில் இருந்த அவன் பேராசிரியை சுகந்தினி பல்கலைக்கழகத்தில் போராடி அனுமதி வாங்கியிருந்தார். நவம்பரில் பட்டமளிப்பு. அப்பாவின் பட்டத்தை மகள் சாந்தினி மேடையேறி வாங்க வேண்டும். பதினேழு வயதுப் பெண், அதற்காக இப்போதே புடவை கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வரிசை, முதல் வருடப் புட்டி. அரைத்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, எள்ளளவு வைரக் கண்ணாடியின்மேல் வைத்து, மேலிருந்து அழுத்தியைத் திருகி இறக்கினாள். அடியிலிருந்து அகச்சிவப்பு ஒளி பாயும். கண்ணுக்குத் தெரியாத ஒளி. மண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் அந்த ஒளியில் தனக்கு வேண்டியதை மட்டும் விழுங்கிக்கொள்ளும். களிமண் ஓரிடத்தில், மணல் ஓரிடத்தில், கரி வேறோரிடத்தில். யார் எங்கே விழுங்கினார்கள் என்பது திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக வரும். இலையும் வேரும் சாணமும் மக்கிய மண்ணென்றால், இடப்பக்கம் அடுத்தடுத்து இரண்டு சின்ன மேடுகள் எழும்பும். ஒன்று கொஞ்சம் உயரம், மற்றது கொஞ்சம் குட்டை. குணாளன் அவற்றுக்கு 'அண்ணன், தம்பி' என்று பெயர் வைத்திருந்தான். "அண்ணன் தம்பி நல்லா இருந்தா வீட்டுல சாப்பாடு இருக்குன்னு அர்த்தம், வாசு."

பட்டினி வரிசையில் அண்ணனும் தம்பியும் இருக்கக் கூடாது. இருந்தாலும் இருக்கிற இடம் தெரியக் கூடாது.

முதல் ஐந்து வருடமும் அப்படித்தான் வந்தது. ஆறாவது புட்டியில், 2021இல், இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

வாசுகி கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் நின்றார்கள். அரைத்த உரலில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று உரலைக் கழுவி, புதிதாக அரைத்து வைத்தாள். அப்போதும் அதேதான். அடுத்த வருடப் புட்டியில் இன்னும் உயரம். அதற்கடுத்ததில் அதைவிட உயரம்.

"என்னாக்கா, மெஷினோட சண்டையா?" பக்கத்து மேசையிலிருந்து விக்னேஸ்வரன் எட்டிப் பார்த்தான். கூடத்தில் அவளுக்கு அடுத்தபடி அவன்தான். "ஒரு மண்ண நாலு தடவ வைக்கிறீங்க. அது என்ன ரொட்டி சானாயா, திருப்பித் திருப்பிப் போட?"

"லேபிள் மாறிப்போச்சுபோல, விக்கி."

அவன் எழுந்து வந்து புட்டியை வெளிச்சத்தில் பிடித்தான். "குணாளன் அண்ணன் லேபிள மாத்துறவரா? சும்மா இருங்கக்கா. எங்க லேபிளையே வந்து திருத்துவாருலா அவரு."

அது உண்மை. உரம் போட்ட வரிசைப் புட்டியோடு மாறியிருக்கவும் வழியில்லை. அவற்றில் அண்ணன் தம்பி முதல் வருடத்திலிருந்தே நின்றார்கள். வாசுகி மற்ற மூன்று பட்டினி வரிசைகளின் கடைசி வருடப் புட்டிகளையும் எடுத்தாள். ஆறு, எட்டு, பதினொன்று. மூன்றிலும் ஒரே கதை. 2020க்குப் பிறகு யாரோ அந்த நான்கு வரிசைக்கும் சோறு போட்டிருக்கிறார்கள்.

அவள் கொண்டு வந்திருந்த சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது.

*

சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் காரில் கோலக்கெட்டில் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். மரத்தில் வடிந்த ரப்பர்ப் பாலைச் சேர்க்கும் நேரம். பாப்பம்மா தோளில் இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டபடி வரிசைக்குள்ளிருந்து வந்தாள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். அந்தப் பன்னிரண்டு வரிசையும் அவள் பால் வெட்டும் நிரைக்குள்தான் இருந்தன. எட்டு வருடமும் குணாளனுக்காக அவற்றைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

"வா தங்கச்சி! காடிய அங்கனயே விடு, உள்ள சேறு. பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா."

"பொய் சொல்லாத. மூஞ்சில எழுதியிருக்கு." வாளிகளை இறக்கி வைத்தாள். "பாப்பா எப்புடி இருக்கு? இந்த வருசம் பெரிய பரீட்சையில்ல?"

பேசிக்கொண்டே இருவரும் மூன்றாம் வரிசைக்கு நடந்தார்கள். வாசுகி ஒரு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகை விலக்கினாள். விலக்கியதும் விரலில் பட்டது. உருண்டை உருண்டையாக, சில காய்ந்து, சில பொடிந்து.

"ஐயே, கைய எடு தங்கச்சி. அது நம்ம ஆட்டுப் புழுக்க."

வாசுகி கையை எடுக்கவில்லை. "நீங்களா போட்டீங்க, அக்கா?"

"பின்ன, ஆடு இங்க வந்து வரிசையா நின்னு போட்டுட்டுப் போகுமா?" பாப்பம்மா சிரித்தாள். "கொரோனாவுல எல்லாத்தையும் பூட்டிப்போட்டாங்கல்ல, அப்ப ஆரம்பிச்சது. நம்ம குணாளன் தம்பியால வர முடியல. நான் மட்டும் தனியா இந்த வரிசைகளப் பாத்துக்கிட்டே நிப்பேன். எட்டு வரிசைக்கு மூட்ட மூட்டயா கொட்டுனாரு. இந்த நாலுக்கு மட்டும் ஒண்ணும் போடாதீங்கன்னுட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு, அது அப்புடித்தான்க்கா, ஆராய்ச்சின்னாரு. பன்னெண்டு பேரப் பந்தியில உக்கார வச்சு எட்டு பேருக்கு மட்டும் பரிமாறுவாங்களா, நீயே சொல்லு? மத்த நாலு பேருக்கு வயிறு எரியாது?"

"மரத்துக்கு வயிறு எரியுமாக்கா?"

"பாலு குடுக்குதுல்ல? அப்ப வயிறும் இருக்கும்."

 ஐம்பது பேர் இருக்கும் அரங்கில் படம் போட்டு, ஒன்றும் போடாத வரிசை எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கியவன் குணாளன். அதை விளக்கியிருக்க வேண்டிய ஒரே ஆளிடம் 'அது அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

பாப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது.

"உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? தம்பிக்காகத்தான் போட்டேன். தங்கமான மனுசன். வாயில்லாதத பட்டினி போட்ட பாவம் அவரு தலையில விழுந்துடக் கூடாதேன்னு பயம் எனக்கு. வாரா வாரம் ஒரு சாக்கு. சருகப் போட்டு மூடிடுவேன், யாரும் பாத்தா கோவிப்பாங்கன்னு." தலைத்துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "அப்பவும் விழுந்துடுச்சு பாரு. நடுவுல ஒரு வருசம் ஆட்ட வித்துட்டு ரெண்டு மாசம் போடாம விட்டேன். அந்த ரெண்டு மாசந்தான் என் மனச அறுக்குது. விடாம போட்டிருந்தா இருந்திருப்பாரோ என்னமோ."

வாசுகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலின் புளித்த வாடை அடித்த கை. எட்டு வருடத்தையும் கெடுத்த கை. அதைத் தடவிக் கொடுத்தாள்.

"அப்புடியெல்லாம் இல்லக்கா. அவருக்கு நெஞ்சுல அடைப்பு. டாக்டருங்களே சொன்னாங்க."

"அவரு ஒண்ணும் கோவிக்கல, தெரியுமா? கடைசியா வந்தாரே, அப்ப கையும் சாக்குமா மாட்டிக்கிட்டேன்."

வாசுகி நிமிர்ந்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அந்தா, அந்த மரத்துகிட்ட நின்னாரு. எத்தன நாளாக்கா போடுறீங்கன்னாரு. மூணு வருசமாச்சுன்னேன். குனிஞ்சு மண்ண ஒரு பிடி அள்ளிப் பாத்தாரு. நான் பயந்துட்டேன். அப்புறம் சிரிச்சாரு. குடிக்கத் தண்ணி இருக்கான்னு கேட்டாரு. குடிச்சிட்டு, சட்டப் பையிலேருந்து சின்னப் புத்தகத்த எடுத்து என்னமோ எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. போறப்ப, ஆடெல்லாம் நல்லா இருக்கான்னு வேற விசாரிச்சாரு." பாப்பம்மா எழுந்து வாளிகளைத் தூக்கிக்கொண்டாள். "அதச் சொல்லு, தம்பியோட படிப்பு என்னாச்சு? டாக்டராயிடுவேன் டாக்டராயிடுவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஊசி போடத் தெரியாத டாக்டருன்னு நான் கேலி பண்ணுவேன்."

"முடிஞ்சுடுச்சுக்கா."

"அப்ப சரி. அப்ப சரி." முகமெல்லாம் சிரிப்பு. "எங்க நிரைய வச்சு ஒருத்தரு டாக்டராயிட்டாரு. நான் இன்னும் போட்டுக்கிட்டு வரலாமில்ல?"

"போடுங்கக்கா," என்றாள் வாசுகி.

*

அந்தச் சின்னப் புத்தகத்தை அவள் பார்த்ததே இல்லை. மேசையில் இல்லை, அலுவலகத்திலிருந்து வந்த பெட்டியிலும் இல்லை. திரும்பும் வழியில், கோலக்கெட்டில் சடக்கோரம் பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை ஒன்றின் பக்கமாகக் காரை நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்தாள். மண் குடையும் கம்பி, அவன் பூட்ஸ், ஒரு பழைய குடை. எடுத்துப் போட மனசில்லாமல் ஒன்றரை வருடமாக அவற்றைச் சுமந்துகொண்டுதான் மீன் வாங்கப் போனாள், மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டாள். இடது பூட்ஸுக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இருந்தது. மழைக்குப் பயந்து எப்போதும் அங்கேதான் செருகுவான் போலிருக்கிறது.

கடைசியாக எழுதிய பக்கம். புதன்கிழமைத் தேதி. அவன் போன சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு.

'வரிசை 3, 6, 8, 11. ஆட்டெரு, 2020 முதல் வாரம் ஒரு முறை. இனி இவற்றை ஒன்றும் போடாத வரிசைகளாகக் கொள்ள முடியாது.'

போட்டவர் யார் என்று எழுதவில்லை. அதற்குக் கீழே, ஒரு வரி இடம் விட்டு:

'சுகந்தினி டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதலில் வாசுவிடம்.'

அந்தப் புதன்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சாயங்காலம் ஐந்தரை. வீட்டு வாசலில் கார் வந்து நின்றது, ஆள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக அவள் இரண்டு தடவை பார்த்தாள். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். சாந்தினிக்கு டியூஷனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் கேட்டுக்கு வந்து, "உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? சாவியக் குடுங்க, புள்ளைக்கு நேரமாச்சு" என்று கத்தினாள். அவன் இறங்கி, சாவியைக் கையில் வைத்து, "வாசு, உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றான். "ஞாயித்துக்கிழம பேசலாம், இப்ப வழிய விடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள்.

எண்ணெய்க் கடைக்காரப் பையன் வந்து, கார் பழுதாகிவிட்டதா அக்கா என்று மலாயில் விசாரிக்கும்வரை அவள் அந்தப் பின்பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

*

திங்கட்கிழமை மதியம் கூடத்தில் யாருமில்லை. விக்னேஸ்வரன் சாப்பிடப் போயிருந்தான்.

வாசுகி இரண்டு புட்டிகளை மேசையில் வைத்தாள். ஆறாம் வரிசை. ஒன்று 2019, மற்றொன்று 2023. இரண்டிலும் ஒரே செம்மண்தான். ஒரே கையெழுத்து. பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்திக்குத் தான் செய்ததன் பொருள் தெரியாது, இன்னொருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். பழைய புட்டியின் மண்ணை வைத்து, வருகிற கோட்டுக்குப் புது வருடத்தின் பெயரைப் போட்டால் முடிந்தது. நான்கு வரிசை, மூன்று வருடம், பன்னிரண்டு கோடுகள். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. நவம்பரில் சாந்தினி புடவை கட்டி மேடையேறுவாள். மேலே இருந்து யாராவது வந்து கேட்கப் போகிறார்களா?

2019ஐத் திறந்து ஒரு சிட்டிகை வைத்தாள். கோடு வந்தது. அண்ணனும் தம்பியும் இல்லாத, ஏக்கர் கணக்கில் ஒன்றுமில்லாத அழகான கோடு. சேமிக்கப் பெயர் கேட்டது மெஷின்.

ஆறு என்று அடித்தாள். கோடு போட்டு, இரண்டு, பூஜ்யம், இரண்டு என்று அடித்தாள். அடுத்த எண்ணுக்கு விரல் போகவில்லை.

அவனுக்கும் இந்த வழி தெரிந்திருக்கும். மெஷினும் புட்டியும் அவன் கையில்தான் இருந்தன. ஆனால் அந்த மரத்தடியிலேயே, தண்ணீர் குடித்த ஈரம் வாயில் காயும் முன்னே எழுதி வைத்துவிட்டான். எட்டு வருடம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிஷத்திலும் அடுத்தவர் ஆட்டை விசாரித்துவிட்டு, தன் கையால் எழுதியிருக்கிறான். அந்த எழுத்தின்மேல் தன் கையால் மண்ணள்ளிப் போட அவளால் முடியவில்லை.

அடித்ததை அழித்து, 2019 என்றே சேமித்தாள். பிறகு 2023ஐத் திறந்தாள். மீதிப் புட்டிகளையும் வரிசையாகப் பார்த்து முடித்தாள். நான்கு மணிக்குச் சுகந்தினியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கோ வாசுகி. முடிஞ்சுதா?"

சொன்னாள். புத்தகத்தில் இருந்ததை அப்படியே வாசித்தாள், கடைசி வரியைத் தவிர. 

"முதல் அஞ்சு வருஷத்தை மட்டும் வச்சுப் பார்க்க முடியாதா டாக்டர்?"

"நான் கேட்டுப் பார்ப்பன். ஆனா உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டன் அம்மா. கரி நின்டு பிடிக்குதாங்கிறதே நீண்ட காலக் கேள்வி. அஞ்சு வருஷத்தை வச்சு அதுக்குப் பதில் சொல்ல ஏலாது, பட்டமும் தர மாட்டினம்." பிறகு கேட்டார், "யார் போட்டது எருவை? தோட்டத்து ஆக்களா?"

"பேரு அவரு எழுதல டாக்டர்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நானும் எழுதப் போறதில்ல."

சுகந்தினி மறுபடி கேட்கவில்லை. "நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றார் கடைசியில். "நான் புட்டியைத் திறந்து பார்க்கவா போறன்?" பிறகு தானே, "இல்லை, இல்லை. குணாளன் விடமாட்டான்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

வாசுகி அழவில்லை. வைரக் கண்ணாடியைத் துடைத்து, உறை போட்டு, தொண்ணூற்றாறு புட்டிகளையும் வருட வரிசைப்படி பெட்டியில் அடுக்கினாள். விக்னேஸ்வரன் வந்து, "முடிஞ்சுதாக்கா? பார்ட்டி எப்போ?" என்று வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தான்.

ஐந்தரைக்கு வீட்டு வாசலில் கார் நின்றது. ஜெராய் மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. அவள் இன்ஜினை நிறுத்தினாள். இறங்க வேண்டும் என்று நினைத்தாள். இறங்கினால் சாந்தினியிடம் சொல்ல வேண்டும். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த அதே இருக்கை. அன்றைக்கு அவனுக்கும் இப்படித்தான் கால் எழவில்லை போலும்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. கேட் கிறீச்சிட்டது. பள்ளி உடுப்போடு சாந்தினி வந்து கண்ணாடியைத் தட்டினாள். குனிந்து உள்ளே பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக் கத்தப் போகிறாள் என்று வாசுகி நினைத்தாள்.

"மா," என்றாள் சாந்தினி. "என்னம்மா ஆச்சு? ஏன் இங்கயே உக்காந்திருக்க?"

தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவ்வளவு சின்னக் கேள்விதான் அது. அப்போதுதான் வாசுகிக்கு அழுகை வந்தது.

கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள வந்து உக்காரு," என்றாள். "அப்பா உனக்கும் எனக்கும் ஒண்ணு சொல்லாம விட்டுட்டுப் போயிட்டாரு. சொல்றேன்."